மூன்றே பத்துக்கு எடுத்திருக்க வேண்டிய முடிவு
மாரிகால வன்னிக் காட்டில் ஓர் இரவு: நிகழ்வு ஆய்வு

கடந்த மார்கழியில், திருவெம்பாவை தொடங்கிய மூன்றாம் நாள், இலங்கையின் முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒட்டுசுட்டானுக்குத் தெற்கேயுள்ள காட்டுக்குள் மாட்டுப்பட்டி பார்க்கச் சென்ற நால்வரில் ஒருவன், திரும்பும் வழியில் வெள்ளத்தில் அடிபட்டு, ஏனைய மூவரிடமிருந்தும் பிரிந்து, ஓர் இரவு முழுவதும் காட்டில் தனித்திருந்தான். அவன் நோர்வேயிலிருந்து வந்திருந்த என் சித்தப்பாவின் மகன். மற்றவர்கள் பட்டியின் சொந்தக்காரரான என் தாய்மாமன், அவருடைய மகன், நான். அவனுடைய காலில் ஒரு வெட்டுக்காயத்தையும் ஒரு பை தொலைந்ததையும் தவிர வேறு இழப்பு இல்லை. இழப்புச் சிறிதாக இருந்ததனாலேயே இதை எழுதிவைக்க வேண்டும் என்று நினைத்தேன். நால்வரும் உயிரோடு இருக்கிறோம். அந்த நேரத்தில் என்ன நினைத்தோம் என்பதை ஒருவரையொருவர் கேட்டு அறிய முடிந்தது. பெரிய விபத்துகளில் அந்த வாய்ப்புப் பெரும்பாலும் கிடைப்பதில்லை.

அடிபட்டவன் காடோ குளிரோ தெரியாதவன் அல்லன். ஒன்பது பனிக்காலங்களாக நோர்வேயின் காட்டுமலைகளில், பனியில் சறுக்கும் ஸ்கீ பலகைகளைக் கட்டி ஏறி இறங்குபவன்; பனிச்சரிவு மீட்புப் பயிற்சி பெற்றவன்; எங்கள் நால்வரிலும் ஆபத்தைப் பற்றி முறையாகப் படித்தவன் அவன் ஒருவனே. மாமாவோ நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்தக் காட்டுக்குள் போய்வருபவர். இவ்விருவரும் சேர்ந்து நின்ற இடத்தில் இது எப்படி நடந்தது என்பதே இந்த ஆய்வின் கேள்வி.

இடமும் பருவமும்

மாரி விதைப்பான காலபோக நெல் முளைத்தெழும் நாட்களில் வன்னியில் மாடுகளை ஊருக்குள் வைத்திருக்க முடியாது. வயலில் வாய் வைத்தால் சண்டையும் தண்டமும் வரும் என்பதால், விதைப்பு முடிந்த கையோடு பட்டிகளைக் காட்டோரப் புல்வெளிகளான தரவைகளுக்கும் தூர்ந்துபோன குளங்களின் நீரோர நிலமான அலைகரைகளுக்கும் கொண்டுபோய்விடுவார்கள். மாமாவின் பட்டியும் அப்படித்தான், ஊரிலிருந்து ஐந்து மைல் உள்ளே, கட்டு உடைந்த பழைய குளமொன்றின் அலைகரையில் நின்றது. அங்கே கிடுகு வேய்ந்த சிறிய வாடி ஒன்றும் உண்டு.

ஊரிலிருந்து இரண்டாவது மைலில் அந்த வழி ஓர் அருவியைக் கடக்கிறது. வன்னியில் அருவி என்று நாங்கள் சொல்வது மலையிலிருந்து விழும் நீரை அல்ல. கோடையில் வெறும் மணற்படுக்கையாகக் கிடந்து, மாரியில் மட்டும் ஓடும் காட்டாற்றையே அப்படிச் சொல்கிறோம். இந்த அருவி பேராற்றோடு சேர்கிறது. பேராறு வவுனியா மாவட்டத்தின் வடபகுதியில் பிறந்து, முல்லைத்தீவு மாவட்டத்தினூடாக ஓடி, நந்திக்கடலில் விழுகிறது. மேற்பகுதிக் காட்டில் கைவிடப்பட்ட சிறு குளங்கள் பல உள்ளன. அவற்றின் கட்டுகள் உறுதியாக இருந்த காலத்தில் மழைநீர் குளத்துக்குக் குளம் தங்கி மெதுவாக இறங்கியது. இப்போது தங்குவதற்கு இடமில்லை. மேலே பெய்யும் மழை ஒன்றிரண்டு மணித்தியாலங்களில் கீழே வந்துவிடுகிறது. கீழே நிற்பவரின் தலையில் ஒரு துளி விழுந்திருக்க வேண்டியதில்லை.

காட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பாலை, வீரை, கருங்காலி என்று மாரியிலும் கோடையிலும் இலை மூடியிருக்கும் காடு அது. மார்கழியில் ஆறு மணிவரை வானத்தில் வெளிச்சம் இருந்தாலும், முகில் மூடிய நாளில் மரங்களின் கீழே ஐந்தேகாலுக்கே தடம் மங்கிவிடும். தடத்தை விட்டு விலகவும் கூடாது. மிதிவெடி அகற்றும் பணி இன்னும் முற்றாக முடியாத மாவட்டம் இது. மாடு நடந்த தடத்தில் மட்டுமே கால் வைக்க வேண்டும் என்பதை எங்கள் ஊரில் நடக்கப் பழகும் பிள்ளைக்கே சொல்லிக் கொடுப்பார்கள்.

அவன் பழகிய பனி

தம்பி பழகிய பயணத்தை விளங்கிக்கொள்ளாமல் அவன் செய்ததை விளங்கிக்கொள்ள முடியாது. அவர்கள் போவது ஆட்களை மேலே ஏற்றிவிடும் கம்பித் தூக்கிகள் உள்ள சறுக்கிடங்களுக்கு அல்ல. ஸ்கீயின் அடியில் மயிர் படிந்த நாடா ஒன்றை ஒட்டிக்கொண்டு, குதிக்கால் உயரும்படி காலணியைப் பூட்டி, ஊசியிலைக் காட்டுக்கும் பேர்ச் மரங்களுக்கும் இடையால் மணிக்கணக்காக மேலே நடந்து, உச்சியில் அந்த நாடாவை உரித்துவிட்டுச் சறுக்கி இறங்குவார்கள். அந்த நாடாவை அவன் மாமாவுக்கு விளக்கிய விதம் என் நினைவில் நிற்கிறது. பட்டியில் நின்ற மயிலைப் பசுவின் கழுத்தில் மாமாவின் கையை வைத்து, மயிர் படிந்திருக்கும் பக்கமாகத் தடவச் சொன்னான். பிறகு எதிர்ப்பக்கமாகத் தடவச் சொன்னான். முதலில் வழுக்கிய கை இரண்டாம் முறை பிடித்து நின்றது. “இதுதான் மாமா. முன்னுக்குத் தள்ளினால் வழுக்கும், பின்னுக்கு வராது” என்றான். மாமா இன்னொரு முறை தானாகவே தடவிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

அந்தப் பயணத்தில் முதன்மையான ஆபத்துப் பனிச்சரிவு. காற்றால் இறுகிப் பலகைபோலப் படிந்த புதுப்பனிக்கும் பழைய பனிக்கும் இடையில் பிடிப்பில்லாத ஓர் அடுக்கு இருந்தால், மேலே செல்லும் ஒருவரின் பாரமே அந்தப் பலகையை உடைத்துவிடும். பெரும்பாலும் 30 பாகைக்கு மேற்பட்ட சரிவுகளிலேயே இது நிகழ்கிறது. புதையுண்டவர் உயிர் பிழைக்கும் வாய்ப்பு முதல் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குப் பின் மிக விரைவாகக் குறைந்துவிடும் என்பதால், வெளியிலிருந்து உதவி வரும்வரை காத்திருக்க முடியாது. கூட வந்தவர்களே தோண்டி எடுக்க வேண்டும். இந்த உண்மையிலிருந்துதான் அவர்களுடைய பழக்கங்கள் எல்லாம் பிறந்திருக்கின்றன. ஐயத்துக்குரிய சரிவை ஒருவர் ஒருவராகவே கடப்பார்கள். பனி உடைந்தால் ஒருவர்தான் அகப்படுவார், மற்றவர்கள் மீட்பதற்கு மிஞ்சுவார்கள். 457 கிலோஹேர்ட்ஸில் சமிக்ஞை அனுப்பும் தேடற்கருவியைப் பையில் வைக்காமல் உடம்போடு கட்டிக்கொள்வார்கள். காற்றுப்பை பொருத்திய முதுகுப்பை என்றால், சரிவில் அது உருவிக்கொண்டு போகாதபடி இடுப்பு வாரையும் கால் வாரையும் இறுகப் பூட்டுவார்கள். நிலைமை மோசமான நாளில், மேலே திறந்த சரிவு எதுவும் இல்லாத அடர்ந்த காட்டுக்குள்ளேயே நிற்பார்கள். அடர்ந்த மரங்கள் பனியை ஓரளவு பிடித்துவைக்கும். இவையெல்லாம் சரியான பழக்கங்கள், அந்த நிலத்துக்கு.

அன்றைய நாள்

காலை ஏழரைக்குப் புறப்பட்டோம். குளக்கட்டில் இருக்கும் ஐயனாருக்கு மாமா ஒரு குழை முறித்து வைத்தார். பிறகு தம்பிக்குக் கொப்பு முறிக்கக் காட்டிக் கொடுத்தார். பத்துப் பதினைந்து அடிக்கு ஒருதரம், இடுப்பு உயரத்தில், போகும் திசைக்கு இலை சாயும்படி ஒரு சிறு கொப்பை ஒடித்து, முற்றாகப் பிய்த்தெடுக்காமல் தொங்க விட வேண்டும். காய்ந்த இலைகளுக்கிடையில் விழுந்தால் அது தெரியாது. தொங்கினால் அடிப்பக்கம் வெளிறித் தெரியும். தம்பி அதை விளையாட்டைப் போலச் சிறிது தூரம் செய்துகொண்டு வந்தான்.

அருவியில் கணுக்காலுக்கு மேலே நான்கு விரற்கிடை தண்ணீர் மட்டுமே ஓடிற்று. மணல் தெரிந்தது. பதினொரு மணிக்கு முன்னரே பட்டிக்குச் சேர்ந்தோம். ஒரு மணிக்குத் திரும்புவதாக இருந்தது. ஆனால் நாங்கள் போனபோது ஒரு கிடாரி கன்று ஈனச் சிரமப்பட்டுக்கொண்டிருந்தது. தலையீற்று. அதை விட்டுவிட்டு வர மாமாவுக்கு மனமில்லை, எங்களுக்கும் இல்லை. கன்று எழுந்து நின்று முலை பிடித்தபோது மணி மூன்றே பத்து.

அந்த நேரத்தில் தென்மேற்கே வானம் கறுத்திருந்ததை நால்வரும் பார்த்தோம். பட்டியில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மச்சான் மட்டும், “அப்பா, அங்கால நல்லாப் பெய்யுது போல” என்றான். மாமா, “பெய்யட்டும், நாங்கள் அதுக்குள்ள போயிடுவம்” என்று சொல்லிவிட்டு உரப்பையைத் தோளில் போட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. தம்பியும் ஒன்றும் சொல்லவில்லை. இந்த உரையாடல் முழுவதும் அரை நிமிடம்கூட இருந்திராது.

அருவிக்கு வந்தபோது நாலு ஐம்பது. தண்ணீர் செம்மண் நிறத்தில், சருகும் சுள்ளியும் அள்ளிக்கொண்டு, தொடையளவுக்கு ஓடிற்று. மாமா ஒரு வீரைக் குச்சியை நீரோரத்தில் நட்டுவிட்டு வெற்றிலை போட்டார். வாயில் சாறு ஊறி முதல் தரம் துப்புவதற்குள் தண்ணீர் குச்சியில் இரண்டு விரற்கிடை ஏறியிருந்தது. அவர் குச்சியைப் பார்த்தார், அக்கரையைப் பார்த்தார், பிறகு தம்பியைப் பார்த்தார். தம்பி, “மாமா, ஒவ்வொருத்தராப் போவம். நான் முதல்ல போய்ப் பாக்கிறன்” என்றான். மாமா மறுக்கவில்லை.

அவன் இடுப்பு வாரை இறுகப் பூட்டிக்கொண்டு இறங்கினான். நடு அருவியில் நீருக்கடியில் கிடந்த வேரில் கால் சிக்கி, பக்கவாட்டில் விழுந்தான். பை நீர் குடித்து அவனை முகங்குப்புறப் புரட்டியது. முப்பது மீற்றருக்குக் கீழே அக்கரையில் ஒரு மருதமரத்தின் வேர்கள் நீருக்குள் இறங்கியிருந்தன. அவற்றில் மோதி நின்றான். நீருக்கடியிலேயே வாரைக் கழற்றிப் பையை விட்டுவிட்டு, வேரைப் பிடித்து ஏறினான். கைத்தொலைபேசி, தலையில் கட்டும் விளக்கு, முதலுதவிப் பொருட்கள், மாற்றுடுப்பு எல்லாம் அந்தப் பையோடு போயின.

நாங்கள் மூவரும் இக்கரையில், அவன் அக்கரையில். மாமா கூக்காட்டினார், நீரின் இரைச்சலில் சொற்கள் போய்ச் சேரவில்லை. அங்கேயே நிற்கும்படி கையால் காட்டினோம். ஊருக்குப் போய் ஆள் கூட்டிவரும்படி நாங்கள் காட்டுவதாக அவன் விளங்கிக்கொண்டு நடந்தான்.

இரவு

அரை மைல்கூடப் போகவில்லை என்று பிறகு அளந்து பார்த்தபோது தெரிந்தது. பள்ளமான ஓரிடத்தில் தடத்தின்மேல் நீர் நின்றது, அதைக் கடந்ததும் தடம் இரண்டாகத் தோன்றிற்று, வெளிச்சம் போய்விட்டது. அவன் அங்கே நின்றுவிட்டான். அன்று எடுக்கப்பட்ட முடிவுகளில் மிகச் சிறந்தது இது என்று நான் கருதுகிறேன். பனிநாட்டுப் பழக்கம் இந்த இடத்தில் அவனைக் காப்பாற்றியது. உடுப்பைக் கழற்றிப் பிழிந்து மீண்டும் போட்டான். வீரைக் குழைகளை முறித்து முழங்கால் உயரத்துக்குக் குவித்து, ஈரநிலம் உடம்பில் படாதபடி அதன்மேல் குந்தி, மரத்தில் முதுகைச் சாய்த்துக் கால்களை மடக்கிக்கொண்டான். வன்னியில் குளிரால் யாரும் சாவதில்லை என்று எங்களில் பலர் நம்புகிறோம். மார்கழி இரவில் 22 பாகை வெப்பம் இருந்தாலும், நனைந்த உடுப்போடு காற்றில் இரவு முழுவதும் இருப்பவரின் உடல்வெப்பம் ஆபத்தான அளவான 35 பாகைக்குக் கீழே இறங்கக்கூடும். அவனுக்கு அது தெரிந்திருந்தது. எங்களுக்குத் தெரியாது, நாங்கள் மூவரும் இரவு முழுவதும் ஈர மண்ணில் குந்தியிருந்து நடுங்கினோம்.

அரை நிலவு முகிலுக்குள்ளேயே மறைந்தது. ஒன்பது மணிபோல அவனுக்குக் கிட்டடியில் கொப்பு முறியும் சத்தம் கேட்டது. தனித்த அலியன் யானை ஒன்று அந்தப் பக்கத்தில் திரிவதை ஊரில் எல்லோரும் அறிவார்கள். அவன் மூச்சை அடக்கி இருந்தான். சத்தம் நெடுநேரம் ஒரே இடத்தில் நின்று, பிறகு விலகிப்போனது.

விடியப்புறம் நாலு மணிக்கு, வடக்கே மிகத் தொலைவில் சங்கொலி கேட்டது. அதன்பின் கோவில் ஒலிபெருக்கியில் திருவெம்பாவை. எங்களுக்கும் கேட்டது. மாமா எழுந்து அந்தத் திசைக்குக் கைகூப்பினார். தம்பிக்கு அந்த ஒலி ஊர் எந்தப் பக்கம் என்பதைச் சொன்னது. ஆனாலும் அவன் எழுந்து நடக்கவில்லை. நிலத்தில் ஒரு தடியை ஒலி வந்த பக்கமாக வைத்துவிட்டு, விடியும்வரை இருந்தான்.

ஆறரைக்கு நீர் முழங்காலுக்குக் கீழே இறங்கியிருந்தது. மூவரும் கைகோர்த்துக் கடந்தோம். பள்ளத்துக்கு அப்பால், இடுப்பு உயரத்தில், வெளிறிய அடிப்பக்கம் தெரியத் தொங்கிக்கொண்டிருந்தது ஒரு கொப்பு. அடுத்தது பதினைந்து அடியில். இருளும் நேரத்தில் நடந்தபோதும் அவன் கொப்பு முறித்துக்கொண்டே போயிருந்தான். ஏழேகாலுக்கு அவனைக் கண்டோம். மாமா ஒன்றும் பேசாமல் தன் சால்வையை அவன்மேல் போர்த்தினார்.

காலில் காயத்தோடு வெள்ளநீரில் கிடந்ததனால் எலிக்காய்ச்சல் வரலாம் என்று, அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோய்த் தடுப்பு மருந்து எடுத்தோம். காய்ச்சல் வரவில்லை.

எது எங்கே பிழைத்தது

முதலில் அருவியை எடுத்துக்கொள்வோம். ஒருவர் ஒருவராகக் கடப்பது பனிச்சரிவுக்கு உரிய முறை. ஓடும் நீருக்குப் பொருந்தாது. பனியில் ஆளின் பாரம் ஆபத்தைக் கூட்டுகிறது. நீரில் பாரமும் பல கால்களும் சேர்ந்துதான் ஆளை நிறுத்துகின்றன. நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். தொடையளவு நீரில் உடம்பு ஓரளவு மிதப்பதனால் அடியில் பிடிப்பும் குறைந்துவிடும். வலுவானவர் நீர் வரும் பக்கம் தடியூன்றி நிற்க, மற்றவர்கள் அவருக்குப் பின்னால் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு சிறு அடிகளாக நகர்வதே முறை. கடப்பதற்கு முன் பையின் இடுப்பு வாரைக் கழற்றிவிட வேண்டும். அவன் பழக்கத்தால் அதையே இறுக்கினான். கைகோர்த்துக் கடக்க மாமாவுக்குத் தெரியும். சிறு வயதிலிருந்தே அப்படிக் கடப்பவர். அவர் ஏன் சொல்லவில்லை?

கேட்டபோது அவர் சொன்னது இது: “அவன் மலையில பனிக்குள்ள போறவன், படிச்சவன். தெரியாமலா சொல்லுறான் எண்டு நினைச்சன்.” தம்பி சொன்னது: “மாமாவின்ர காடு. பயமெண்டால் மாமா விட்டிருக்க மாட்டார்.” நான் நினைத்தது, தெரிந்த இருவரும் மறுக்காத இடத்தில் நான் என்ன சொல்வது என்பது. மச்சான் நினைத்தது, அப்பாவுக்கு முன்னால் இரண்டாம் முறை வாய் திறக்கக்கூடாது என்பது. நால்வர் நின்றோம், முடிவு எடுத்தவர் ஒருவருமில்லை.

பனிச்சரிவு ஆய்வாளர்களிடையே இது நன்கு அறியப்பட்ட குழி. அமெரிக்கரான இயன் மெக்கமன் 1972 முதல் 2003 வரை அந்நாட்டில் நடந்த 715 பனிச்சரிவு விபத்துகளை ஆராய்ந்து, அபாயக் குறிகள் கண்முன் இருந்தும் பயிற்சி பெற்றவர்களே அகப்படுவதற்குக் காரணமான மனப்பழக்கங்களைப் பிரித்துக் காட்டினார். பழகிய இடம் என்ற துணிவு அவற்றில் ஒன்று. கூட்டத்தில் ஒருவரை நிபுணராகக் கொண்டு அவரிடம் சிந்தனையை ஒப்படைத்துவிடுவது இன்னொன்று. எங்களிடம் இரண்டும் இருந்தன. அதிலும் நிபுணர் ஒருவர் அல்லர், இருவர். இருவரும் மற்றவரையே நிபுணராகக் கொண்டிருந்தார்கள். மரியாதையும் இதில் கலந்திருந்தது. பெரியவர் முன் சிறியவர் பேசாமலிருப்பதும், விருந்தாளியின் சொல்லைப் பெரியவர் தட்டாமலிருப்பதும் எங்கள் வீடுகளின் நல்ல பண்புகள். அருவிக்கரையில் அவை எங்கள் வாயைக் கட்டிவிட்டன. இதை எழுத எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

ஆனால் அருவிக்கரையைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் அங்கே நல்ல தெரிவு எதுவும் எங்களிடம் இருக்கவில்லை. கடந்தால் வெள்ளம், பட்டிக்குத் திரும்பினால் மூன்று மைல் இருட்டு. தெரிவு இருந்தது மூன்றே பத்துக்கு, பட்டியில். அங்கே வாடி இருந்தது, காய்ந்த விறகு இருந்தது, பால் இருந்தது, மறுநாள் காலைவரை தங்குவதற்கு எந்தத் தடையும் இல்லை. தென்மேற்கு கறுத்திருந்ததைக் கண்டோம்; அந்த நீர் எந்த வழியால் வரும் என்பதை மூவர் அறிந்திருந்தோம். ஆயினும் வெயில் அடித்த இடத்தில் ஆபத்து இருப்பதாக உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. நோர்வேயின் மலை விதிகள் ஒன்பதில் எட்டாவது, நேரத்தோடு திரும்பு, திரும்புவதில் வெட்கமில்லை என்கிறது. தம்பி அதை மனப்பாடமாக அறிவான். அங்கே திரும்பும் நேரத்தைப் புறப்படுவதற்கு முன்பே குறித்துவிட்டுத்தான் போவார்கள். இங்கேயும் ஒரு மணி என்று குறித்திருந்தோம். ஒரு மணி தவறினால் என்ன செய்வது என்பதை மட்டும் யாரும் சொல்லிவைக்கவில்லை. இன்னொன்றையும் தம்பி ஒத்துக்கொண்டான்: காடு என்றால் ஆபத்து முடிந்த இடம் என்ற நினைப்பு, அவன் அறியாமலே, அந்தப் பனிக்காடுகளிலிருந்து அவனோடு வந்திருந்தது.

பிறகு

ஒரு நைலோன் கயிறு வாங்கிப் பட்டியில் வைக்கலாம் என்று மச்சான் சொன்னான். தம்பி அதை ஏற்கவில்லை. அரையில் கட்டிய கயிறு ஓடும் நீரில் ஆளை மேலே எடுக்காது, அமிழ்த்தும் என்று விளக்கினான். மாமாவும் அதை ஒத்துக்கொண்டார். தீப்பெட்டியையும் சிறு ரோச் லைற்றையும் இறுக மூடிய டப்பாவில் போட்டு ஒவ்வொருவரும் அரையில் கட்டிக்கொள்வது என்று முடிவாயிற்று. பைக்குள் எதையும் நம்பி வைப்பதில்லை. இரண்டு மணிக்குப் பட்டியில் நிற்பவர் அன்று வாடியில்தான் தங்க வேண்டும், ஊரில் யாரும் தேடிப் பதறக்கூடாது என்று மாமியிடமும் சொல்லிவைத்தோம்.

தம்பி திரும்பிப் போவதற்கு முதல் நாள், மாமாவும் அவனும் அருவித்துறைக்குப் போய், வெட்டிக் காய்ந்த பாலைக் கட்டை ஒன்றை ஊர்ப்பக்கக் கரையில் ஆழமாக நட்டார்கள். அதில் மூன்று வெட்டுகள்: கணுக்கால், முழங்கால், தொடை. நீர் முழங்கால் வெட்டைத் தொட்டிருந்தால், நால்வரில் வயதில் இளையவன் வேண்டாம் என்று சொன்னாலும் அதுதான் முடிவு.

தைப்பொங்கலுக்கு முதல் நாள் பட்டிக்குப் பானையும் அரிசியும் எடுத்துக்கொண்டு மாமாவும் மச்சானும் போனார்கள். நீர் இரண்டாவது வெட்டுக்கு மேலே ஒரு விரற்கிடை நின்றது. பானையைத் தலையில் வைத்தபடி இருவரும் திரும்பி வந்தார்கள்.